அடியில்லாத கூடையும் ஐந்து வெளியாட்டங்களும்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். முன் இருக்கை வேண்டாம், அங்கே ஸ்டெப்னி டயரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இந்த இருக்கையை எங்கள் கேப்டன் உங்களுக்கென்று துண்டு போட்டுப் பிடித்து வைத்தாள். பக்கத்து இருக்கை எனக்கு. அதற்கும் ஒரு துண்டு. இத்தனைக்கும் வரும்போது வண்டியில் அவளும் நானும் டிரைவர் சின்னக்கருப்பனும்தான். காலி வண்டியில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பெண்ணை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மரியாதை என்றால் அவளுக்கு அவ்வளவு.

உங்கள் வேன் துவரங்குறிச்சியில் நின்றுபோனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெக்கானிக் சிரத்தையான மனிதராகத் தெரிந்தார். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவர் எழுந்து வரவே இல்லை. ஆட்டம் மாலை ஐந்து மணிக்குத்தானே? நேரம் கிடக்கிறது. உங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஏறிவிட்டார்களா? அடேயப்பா, என்ன உயரம்! அந்தக் கடைசிப் பெண் குனிந்துதான் ஏறுகிறாள். போன வருடம் மாநிலக் கோப்பை வாங்கிய அணி என்றால் சும்மாவா?

போனா? அவள் கேட்டால் கொடுத்துவிடுங்கள் சார். "சார்ஜ் போட்டுத் தர்றேன் சார், முன்னாடிதான் பாயின்ட் இருக்கு" என்கிறாள் பாருங்கள். நீங்கள் கேட்கவே இல்லை, அவளாகவே செய்கிறாள். எப்சிபா, சாருடைய போன் பத்திரம் அம்மா.

என் பெயர் ஆவுடையப்பன். தத்துவத் துறைத் தலைவர். துறையில் வேறு யாரும் இல்லாததால் தலைவர். மாணவர்களும் இல்லை. இரண்டு வருடமாக யாரும் சேரவில்லை. ஆனாலும் அட்டவணைப்படி வகுப்பறைக்குப் போய், பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் வருவேன். சம்பளம் வாங்குகிறோமே. பெஞ்சுகளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. நடுவில் எழுந்து போவதில்லை.

போன ஜூனில் எங்கள் உடற்கல்வி இயக்குநர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "ஆவுடையப்பன், உங்களுக்குத்தான் பீரியட் இல்லையே, பாஸ்கெட்பால் டீமைப் பாத்துக்கங்க. உயரமாவும் இருக்கீங்க" என்றார். இது தருக்கப்படி பிழையான அனுமானம். தென்னை மரமும் உயரமாகத்தான் இருக்கிறது. சொன்னேன். "அது ஒத்துக்கலை, நீங்க ஒத்துக்கங்க" என்றார்.

ஒத்துக்கொண்டேன். எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். படித்தேன். நூலகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. அதிலும் பின்பாதியைக் கரையான் அரித்திருந்தது. அதனால்தான் இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் கூடையை மாற்றிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. முதல் ஆட்டத்தில் பின்பாதி முழுவதும் நான் எதிரணிக்குக் கைதட்டினேன். அவர்கள் நன்றி சொன்னார்கள்.

இந்தாருங்கள், தயிர் சாதம். எப்சிபா விடுதியில் சொல்லிக் கட்டி எடுத்து வந்தாள். உங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு பொட்டலம். "சார், ஆட்டத்துக்கு முன்னாடி லைட்டாத்தான் சாப்பிடுவோம்" என்கிறீர்களா? தயிர் சாதத்தைவிட லைட்டாக உலகத்தில் என்ன இருக்கிறது? அவள் மனம் நோகும். சாப்பிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் செயலர் வெள்ளைச்சாமி கல்லூரிக்குப் பக்கத்து மனையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். மண்டபத்தில் எல்லாம் இருக்கிறது, கார் நிறுத்த இடம்தான் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் கூடைப்பந்துத் திடல். சிமென்ட் தரை, கோடு போட்டது, தண்ணீர் தேங்காது. அவர் பார்வை அதன் மேல் விழுந்ததில் வியப்பில்லை. நான் போய்ப் பேசினேன். நியாயமான மனிதர், ஒன்று சொன்னார்: "பல்கலைக்கழக மேட்சுல நம்ம பிள்ளைங்க ஜெயிக்கிறது எனக்குத் தெரியும், சுத்தி இருக்கிற டீமெல்லாம் அவ்வளவு சோதா. வெளியாளுங்களோட அஞ்சு ஆட்டம் ஆடுங்க. மூணு ஜெயிச்சா கிரவுண்டு உங்களுக்கு. இல்லேன்னா இன்னோவாவுக்கு."

பல்கலைக்கழக மண்டலப் போட்டிக்கு முன்னால் மற்றவர்களோடு பழக்கத்துக்கு ஆடுகிற இந்த வெளியாட்டங்கள் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் சேராது என்பது உங்களுக்குத் தெரியாததா? எந்தக் கணக்கிலும் சேராத ஆட்டங்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் மனிதர் எங்கள் செயலர்தான்.

திடல் போனால் அணி இல்லை. அணி இல்லையென்றால் விளையாட்டுப் பிள்ளைகளுக்கான விடுதி இடம் இல்லை. எப்சிபாவின் ஊர் கடலோரம், வேம்பாருக்குப் பக்கம். இடம் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான், இரண்டாம் வருடத்தோடு படிப்பு முடிந்தது. எனக்கு என்ன, பெஞ்சுகள் இருக்கின்றன.

ஆகவே எதிரணிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முழுக்க முழுக்கத் தருக்க முறைப்படி. முதலில் ஒரு சித்த மருத்துவக் கல்லூரி. பத்தியம் இருக்கச் சொல்கிறவர்கள் பாய்ந்து ஓடமாட்டார்கள். இரண்டாவது வேளாண் கல்லூரி. விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கப் பழகியவர்கள், பந்துக்கும் காத்திருப்பார்கள். மூன்றாவது ஒரு கேட்டரிங் கல்லூரி. சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பார்கள், ருசி பார்க்கிறவர்கள் பருப்பார்கள், பருத்தவர்கள் ஓடமாட்டார்கள். நான்காவது ஒரு இசைக் கல்லூரி. அதற்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவதை மட்டும் செயலர் தன் கையில் வைத்துக்கொண்டார். "சித்த வைத்தியம், சமையல்னே புடிச்சிட்டு வராதீங்க சார். பேர் சொல்ற டீம் ஒண்ணு வேணும்" என்றார். அதுதான் நீங்கள்.

முதல் ஆட்டம் சித்த மருத்துவர்களின் ஊரில். போய் இறங்கியதும் நான் வரவேற்புரைக்குக் காத்திருந்தேன். அவர்கள் மாஸ்டர் வந்து, "வாங்க, ஆரம்பிக்கலாமா?" என்றார். அதுதான் சார் வரவேற்புரை. இரண்டு சொல். ஒரு பொன்னாடை உண்டா, ஒரு ரோஜாப்பூ உண்டா! அந்தப் பெண்கள் ஏதோ கஷாயத்தைக் குடித்துவிட்டுக் குதிரை மாதிரி ஓடினார்கள். தோற்றோம். காரணம் கஷாயம் இல்லை, அவமரியாதை. முறையாக வரவேற்கப்படாத அணி எப்படி மனம் ஒன்றி ஆடும்?

அதனால் வேளாண் கல்லூரி எங்கள் ஊருக்கு வந்தபோது முறை தவறக்கூடாது என்று முடிவு செய்தேன். எங்கள் கல்லூரி வழக்கம் என்னவென்றால், விருந்தாளி அணி திடலில் வரிசையாக நிற்க வேண்டும், வரவேற்புரை முடியும்வரை. முடிந்ததும் ஆளுக்கொரு ரோஜா. நடுவில் உட்கார்ந்தால் அவமரியாதை. எங்கள் பிள்ளைகள் விருந்து கொடுக்கிறவர்கள் என்பதால் மோர் கலப்பது, நாற்காலி எடுப்பது என்று அங்குமிங்கும் இருப்பார்கள். பெரும்பாலும் வேப்பமர நிழலில்தான் அந்த வேலைகள் இருக்கும்.

மணி பதினொன்று. நல்ல வெயில். நான் கூடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

நீங்களும் கேட்க வேண்டிய விஷயம் சார் அது. இத்தனை வருடம் அதற்குள் பந்தைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதற்கு ஏன் அடி இல்லை என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? ஆதியில் இருந்தது. பழம் அள்ளும் கூடையைத்தான் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். பந்து விழுந்தால் உள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏணி வைத்து ஏறி எடுத்துத் தர வேண்டும். ஆட்டம் நிற்கும், ஏணி வரும், ஏணி போகும். எவ்வளவு நிதானமான விளையாட்டு! பிறகு யாரோ ஒருவர் அடியை அறுத்துவிட்டார். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் பெயரைக் கேட்டால் யாரும் சொல்வார்கள். அடியை அறுத்தவர் பெயரைக் கேளுங்கள். சொல்ல ஆள் இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஆள்தான் தத்துவவாதி. ஏணி பிடித்தவரின் வேலை போனது வேறு விஷயம்.

அடி போன பிறகும் அதைக் கூடை என்று சொல்லலாமா? கூடையின் இலக்கணம் தாங்குவது. இது எதையும் தாங்குவதில்லை. அப்படியானால் பந்து விழுவது கூடைக்குள்ளா, கூடையின் இன்மைக்குள்ளா? புள்ளி கொடுப்பது எதற்கு?

இந்தக் கேள்வியை நான் கேட்டபோது வேளாண் கல்லூரி வரிசையில் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். கேள்வியின் கனம் அப்படி. மற்றவர்கள் கண்களில் ஒரு கலக்கம். ஆட்டம் தொடங்கியது. அவர்களால் கூடையைப் பழையபடி பார்க்கவே முடியவில்லை சார்! எறிந்த பந்தெல்லாம் வெளியே போகிறது. நாங்கள் ஜெயித்தோம்.

எங்கள் பிள்ளைகள் எப்படி நிம்மதியாகக் கூடையைப் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் மரத்தடியில் மோர் கலந்துகொண்டிருந்ததால் உரையைக் கேட்க வாய்ப்பில்லாமல் போய்விட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது ஆட்டம் கேட்டரிங் கல்லூரியில். அங்கே நான் பேசத் தயாராகப் போனேன். "மைக் இல்ல சார், முதல்ல சாப்பிடுங்க" என்றார்கள். நெய்ச்சோறு, கோழி வறுவல், மேலே பிரெட் அல்வா. எங்கள் பிள்ளைகள் விடுதிச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். அல்வா வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அந்தக் கல்லூரிப் பெண்கள் ஒருத்தியும் ஒரு வாய் சாப்பிடவில்லை. பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். என் அனுமானத்தில் சாப்பிடுகிறவர்கள் ஓடமாட்டார்கள் என்பது சரிதான். யார் சாப்பிடுவார்கள் என்ற இடத்தில்தான் சிறு பிசகு. தோற்றோம்.

திரும்பி வருகையில் எப்சிபா வண்டியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்று ஜெயித்து இரண்டு தோற்றாயிற்று. இனி மிச்சம் இரண்டையும் ஜெயித்தாக வேண்டும். ஊர் வரப் போகும்போது எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், இனிமே எல்லா மேட்சையும் நம்ம கிரவுண்டுல வச்சுக்கலாம் சார்."

"ஏன் அம்மா?"

"நீங்க பேசுறதுக்கு அங்கதான் சார் வசதி."

உடனே தலையாட்டிவிட்டேன்.

"காலைல பதினொரு மணிக்கே வச்சுக்கலாம் சார். நல்ல வெயில்ல."

கடற்கரைப் பிள்ளை, வெயில் பிடிக்கும் போல.

தண்ணீர் வேண்டுமா சார்? இதோ. கண் சிவந்திருக்கிறதே, காலையில் சீக்கிரம் கிளம்பினீர்களா? கொஞ்சம் தூங்கலாம் என்றா? இந்த இருக்கையில் தூங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும் சார், நான் பட்டிருக்கிறேன். பேசிக்கொண்டு போனால் வழி தெரியாது. அதோடு இந்த வழி சற்றுச் சுற்று. நான்கு வழிச் சாலையில் போயிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போம். "உள் ரோட்டுல போங்கண்ணே, அவங்க நம்ம ஊரைப் பாத்ததே இல்லை" என்று எப்சிபாதான் சின்னக்கருப்பனிடம் சொன்னாள். அதோ பாருங்கள், கருவேல மரம். அதோ இன்னொன்று.

என்ன எப்சிபா? மைக்கா? சுற்றுலாவுக்குப் போகும்போது பாடுகிற மைக் சார் இது. "பின்னாடி சீட்டுல இருக்கிற அக்காங்களுக்குக் கேக்கல சார், பாவம்" என்கிறாள். உங்கள் பிள்ளைகள் ஏறியதும் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டார்களாம். செட்டு ரிப்பேர் என்று சொல்லிவிட்டாளாம். பாட்டு வராது, மைக் மட்டும் வேலை செய்யும். எந்திரங்களுக்கும் ஒரு தராதரம் இருக்கத்தான் செய்கிறது.

ஹலோ. ஹலோ. பின்னால் கேட்கிறதா? கேட்கிறது, ஒரு பெண் திடுக்கிட்டு எழுந்தாள்.

நான்காவது ஆட்டம். இசைக் கல்லூரியில் அணியே இல்லை என்று கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள். கேட்டபோதெல்லாம் "ஆடுவோம் ஆடுவோம்" என்றார்கள். அவர்கள் சொன்னது பரதநாட்டியத்தை. பதிலுக்கு வந்தது யார் தெரியுமா? உடற்கல்விக் கல்லூரி. ஓடுவதையே பாடமாகப் படிக்கிறவர்கள்! நான் வேண்டாம் என்றேன். எப்சிபா சிரித்தாள். "யாரு வேணா வரட்டும் சார். நீங்க மட்டும் வந்துருங்க."

அன்றைக்குப் பேசினேன் பாருங்கள் சார், அது பேச்சு. அடியில் தொடங்கி வளையத்துக்கு வந்து, வளையம் ஒரு வட்டம், வட்டத்துக்குத் தொடக்கம் ஏது முடிவு ஏது என்று போய்க்கொண்டிருந்தேன். சிமென்ட் தரை கானல் நீராக அலைகிறது. முடிக்கலாம் என்று ரோஜாவைக் கையில் எடுத்தேன். மரத்தடியிலிருந்து எப்சிபா கத்தினாள்: "சார்! அந்த இன்மை நாலு வகை இன்னும் சொல்லவே இல்லையே சார்!"

இருபத்தைந்து வருட ஆசிரியப் பணியில், நான் விட்டுவிட்டதை ஒரு மாணவி நினைவுபடுத்தியது அதுதான் முதல் தடவை. ரோஜாவைக் கீழே வைத்தேன்.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அவர்கள் மாஸ்டர் ஆட்டம் முடிந்து என்னிடம் வந்தார். கறுத்து, உதடு வெடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சார், நாங்க உங்க பொண்ணுங்ககிட்ட தோக்கல சார். உங்ககிட்டதான் தோத்தோம்." எத்தனை கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருக்கிறேன், இப்படி ஒரு வார்த்தை யாராவது சொன்னார்களா? அடுத்த வருடமும் வாருங்கள் என்றேன். "நீங்க எங்க ஊருக்கு வாங்க" என்றார். அவ்வளவு பணிவு.

ஆக, இரண்டுக்கு இரண்டு. இன்றைக்கு உங்களோடு ஐந்தாவது. இதில்தான் எல்லாம். இந்த நேரம் பார்த்து எங்கள் செயலர் என்ன செய்தார் தெரியுமா? இதுதான் சார் என் மனக்குறை, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். முந்தாநாள் கூப்பிட்டு அனுப்பினார். "சாம்பியன் டீம் வருது, நானே வந்து உக்காரப் போறேன். மேட்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு, வெயில் தாழ. பந்தல் போட்டாச்சு, ரெண்டு டீமுக்கும் சேர் போட்டாச்சு, ஃபேன் போட்டாச்சு. வரவேற்புரை அஞ்சு நிமிஷம். எனக்கு அப்புறம் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு" என்றார்.

ஐந்து நிமிடம்! ஐந்து நிமிடத்தில் அவையோரை விளித்து முடிக்கவே முடியாது சார்.

நான் தாங்கிக்கொண்டேன். எப்சிபாவால்தான் தாங்க முடியவில்லை. திடலில் பந்தைப் பிடித்தபடி நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சேர் அவங்களுக்குமா சார்?"

"எல்லோருக்கும் அம்மா."

"ஃபேனுமா?"

"ஃபேனும்தான்."

"அஞ்சு நிமிஷத்துல என்ன சார் ஆகும்? தண்ணி தாகம்கூட எடுக்காதே சார்!"

கேட்டீர்களா? அறிவுத் தாகத்தை அவள் பாணியில் சொல்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. என் வகுப்பு நீண்டுவிட்டதே என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குறைந்துவிட்டதே என்று அழுத பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க உரையை எழுதித் தருகிறேன்" என்றேன். "வேணாம் சார், வாயால சொன்னாத்தான் சார் வேலை செய்யும்" என்றாள். வாய்மொழி மரபின் அருமையை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் நீங்கள் இவ்வளவு எதிர்பார்ப்பீர்களா?

இன்று காலையில் உங்கள் போன் வந்தது. வேன் துவரங்குறிச்சியில் நின்றுவிட்டது, பஸ் பிடித்து வருகிறோம் என்றீர்கள். போனை வைத்தேன். பக்கத்தில் நின்றவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு முகம் அப்படியே மலர்ந்தது.

"சார், கடவுள் இருக்கார் சார்!"

அதற்கு எதிராக மூன்று வாதங்கள் இருக்கின்றன என்று தொடங்கினேன்.

"அதைப் பஸ்ல சொல்லுங்க சார்" என்றாள். "நம்ம பஸ்லயே போய் அவங்களக் கூட்டிட்டு வந்துரலாம். நீங்க வந்தாத்தான் சார் மரியாதையா இருக்கும். சேர்தானே போடச் சொன்னார் செயலர், பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

எதிரணியின் வண்டி நின்றால் மகிழ்கிற கேப்டன்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஓடிப்போய் ஏற்றிக்கொண்டு வருகிற கேப்டன் இவள் ஒருத்திதான் இருப்பாள். மற்ற பிள்ளைகளை விடுதியில் படுத்துத் தூங்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் கிளம்பி வந்தாள். பாவம், அவளுக்குக் காதுவலி வேறு. அதோ, இரண்டு காதிலும் பஞ்சு. வண்டிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். சின்னக்கருப்பனுக்கும் அதே காதுவலி. அவரும் பஞ்சு வைத்திருக்கிறார். ஒரே வண்டியில் போய் வருகிறவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் போல.

எங்கே எழுந்திருக்கிறீர்கள் சார்? பிள்ளைகளை எழுப்பவா? ஏன்? அவர்கள் தூங்கவில்லை சார். கண்ணை மூடிக் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் குருகுலத்தில் அப்படித்தான் கேட்பார்கள், ஐம்புலனில் நான்கை அடைத்துவிட்டு. அந்த உயரமான பெண்ணைப் பாருங்கள், வாயைத் திறந்து கேட்கிறாள். உட்காருங்கள். வண்டி குலுங்குகிறது, விழுந்துவிடப் போகிறீர்கள். அப்படித்தான். வேண்டுமானால் என் தோளில் சாய்ந்துகொள்ளுங்கள்.

இன்மை நான்கு வகை. இன்மையும் ஒரு பொருளே என்று வாதித்தவர்கள் நம்முடைய பழைய தருக்கவாதிகள். முதல் வகை, முன்பு இல்லாமை. மண்ணைப் பிசைவதற்கு முன் பானை இல்லை. இன்றைய ஆட்டத்தில் இன்னும் எறியப்படாத பந்து இந்த வகை. இரண்டாவது, அழிந்த பின் இல்லாமை. பானை உடைந்த பிறகு பானை இல்லை. உங்கள் வேன் இந்த வகை. மூன்றாவது, ஒன்று மற்றொன்றாக இல்லாமை. பானை துணி அல்ல, துணி பானை அல்ல. நான் கோச் அல்ல, நீங்கள் தத்துவப் பேராசிரியர் அல்ல. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

எங்கள் துறையில் மாணவர் இல்லாதது எந்த வகை என்று எனக்குச் சில காலம் குழப்பம் இருந்தது. முன்பு இருந்தார்கள், ஆகவே இரண்டாவது என்று வைத்துக்கொண்டேன். பிறகு இந்தப் பிள்ளை வந்து, இன்னும் கொஞ்சம் பேசுங்க சார் என்று கேட்டாள். இப்போது மறுபடி முதல் வகைக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது போகட்டும்.

அடடா, அதோ எங்கள் கல்லூரி. பேசிக்கொண்டே வந்ததில் வழி தெரிந்ததா? பந்தல் தெரிகிறது பாருங்கள், வாசலில் செயலர், கையில் பொன்னாடை. நம்மைப் பார்த்துவிட்டார், கை காட்டுகிறார். சார்? ஐயா? சரி, அசந்துவிட்டீர்கள். இருக்கட்டும், எழுப்பவில்லை. இறங்கும்போது சொல்கிறேன்.

சின்னக்கருப்பன்! வாசல் வந்துவிட்டதே, ஏன் போகிறீர்கள்? காதில் பஞ்சு, கேட்கவில்லை. எப்சிபா அவரைப் பார்த்து விரலைச் சுற்றிக் காட்டுகிறாள். பந்தைச் சுழற்றிப் பழகிய விரல், சும்மா இருக்காது. வண்டி கடைவீதிப் பக்கம் திரும்புகிறது. செயலர் பின்னாலேயே ஓடி வருகிறார், பாவம், பொன்னாடையோடு.

என்ன அம்மா எப்சிபா? பஞ்சை எடுத்துவிட்டுச் சொல்.

"சார், நாலாவது இல்லாமை இன்னும் சொல்லலையே சார்?"

பார்த்தீர்களா சார், விட மாட்டேன் என்கிறாள். கேட்டுவிட்டுப் பஞ்சை மறுபடி வைத்துக்கொள்கிறாள். இவ்வளவு காதுவலியோடும் கேட்கிறாளே! மைக்கைக் கொடு அம்மா.

நான்காவது, எப்போதுமே இல்லாமை. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.